செக்டிஸ்க்கா, லினக்ஸ் பென்டிரைவா, டிஸ்க்கைக் கழற்றுவதா? உறைந்துபோன கணினியில் முதலில் எதைத் தொடுவது

பெரியப்பாவின் அரிசி மண்டியில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. கொள்முதல், பாக்கி, மூட்டைக் கணக்கு எல்லாம் அதில்தான். ஒரு திங்கட்கிழமை காலை அது விண்டோஸ் சின்னத்துக்குக் கீழே புள்ளிகள் சுற்றும் இடத்திலேயே நின்றுவிட்டது. அணைத்துப் போட்டால், டிரைவைச் சோதித்துச் சரிசெய்வதாக ஒரு வரி வந்து, பத்து சதவீதத்தில் உறைந்தது. பெரியப்பா போனில் கேட்டார்: "தம்பி, இது பாட்டுக்கு ஓடட்டுமா, நிறுத்திடவா?"

"பெட்டிக்குள்ள ஏதாவது சத்தம் வருதா பெரியப்பா?"

"பல்லி சொல்ற மாதிரி அப்பப்போ கேக்குது."

"அப்ப நிறுத்திடுங்க. நான் வர்ற வரைக்கும் யாரும் போட வேணாம்."

பழுதுபார்க்கும் வேலையைப் பாதியில் நிறுத்துவது ஆபத்தில்லாத காரியம் அல்ல. அது ஒரு பதிவை மாற்றி எழுதும் நேரத்தில் மின்சாரத்தைப் பிடுங்கினால் இருக்கிற குழப்பம் கூடலாம். தெரிந்தேதான் நிறுத்தச் சொன்னேன். அந்தச் சத்தத்தோடு அதை ஓடவிடுவது இன்னும் பெரிய ஆபத்து.

மண்டியை வைத்தே சொல்கிறேன். கிடங்கில் மூட்டைகள் இருக்கின்றன. எந்த மூட்டை எந்த அடுக்கில், யாருடையது என்று பேரேட்டில் எழுதியிருக்கிறது. டிஸ்க்தான் கிடங்கு, ஃபைல் சிஸ்டம்தான் பேரேடு. பேரேட்டில் எழுத்துப் பிழை என்றால் உட்கார்ந்து திருத்தலாம், அவசரமில்லை. கிடங்கின் கூரை ஒழுகுகிறது என்றால் பேரேட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மூட்டைகளை வெளியே எடுக்க வேண்டும். இரண்டு கோளாறும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்: கணினி துவங்காது, அல்லது துவங்கி நின்றுவிடும். இதில் எது என்று தெரிவதற்கு முன்னால் திருத்தத் தொடங்குவதுதான் பலர் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

உறைந்து நிற்பதே ஒரு தடயம். விண்டோஸ் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது என்டிஎஃப்எஸ், 1993 இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்த ஃபைல் சிஸ்டம். ஒவ்வொரு கோப்புக்கும் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்ற பட்டியலில் குறைந்தது ஒரு பதிவு உண்டு. வழக்கமாக ஒரு பதிவின் அளவு 1,024 பைட். அந்தப் பட்டியலில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிவிட்டுத்தான் செய்யும். நடுவில் கரண்ட் போனாலும் அடுத்த முறை துவங்கும்போது நாட்குறிப்பைப் பார்த்துப் பட்டியலை ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடும். கரண்ட் போகும் நேரத்தில் சேமித்துக்கொண்டிருந்த கோப்பின் உள்ளடக்கம் போகலாம், பட்டியல் சுலபமாகப் போகாது. ஆகவே என்டிஎஃப்எஸ் திரும்பத் திரும்பக் கெடுகிறது என்றால் நான் ஃபைல் சிஸ்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். டிஸ்க், கேபிள், ரேம், மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி இவற்றில் ஒன்றைத்தான் சந்தேகிப்பேன்.

பேரேட்டில் மட்டும் பிழை என்றால் விண்டோஸ் பெரும்பாலும் சீக்கிரமே கையை விரித்துவிடும். நீலத்திரை வரும், 'அன்மவுன்டபிள் பூட் வால்யூம்' என்றோ 'என்டிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டம்' என்றோ ஒரு பெயரைக் காட்டும். எந்தச் செய்தியும் இல்லாமல், டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே நிமிடக்கணக்கில் நிற்கிறது என்றால் கதை வேறு. டிஸ்க்கின் சேமிப்பிடம் செக்டார் என்ற சிறு துண்டுகளாகப் பிரிந்திருக்கும். கெட்ட செக்டாரைப் படிக்க முடியாத ஹார்ட் டிஸ்க், முடியவில்லை என்று உடனே சொல்லாது. திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். அதுவரை இயங்குதளம் காத்திருக்கும். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் ஒரு கட்டளைக்கு வழக்கமாக 30 விநாடி வரை பொறுக்கும், பிறகு மறுபடி கேட்கும். இப்படி ஒரு நூறு செக்டார் இருந்தால் கணினி செத்துப்போனது போலத்தான் தெரியும். விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் நீண்ட மௌனம் என்றால் முதலில் கிடங்கைப் பாருங்கள் என்பேன்.

இனி வழிகளுக்கு வருவோம். நடைமுறையில் நான்கு இருக்கின்றன.

முதலாவது, எல்லோரும் கை வைப்பது: விண்டோஸின் மீட்புத் திரையிலிருந்து செக்டிஸ்க், அதாவது விண்டோஸோடு வரும் டிஸ்க் சோதிக்கும் கட்டளை. தொடர்ந்து இரண்டு முறை துவங்காமல் போனால் அடுத்த முறை விண்டோஸ் தானாகவே அந்த நீலப் பக்கத்துக்கு வந்துவிடும். அதில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் போனால் கட்டளைகளைத் தட்டச்சிடும் கமாண்ட் ப்ராம்ப்ட் இருக்கும். பிட்லாக்கர் பூட்டு போட்ட கணினி என்றால் இங்கேயே 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பலருக்குத் தங்கள் லேப்டாப்பில் அப்படி ஒரு பூட்டு இருப்பதே அந்த நிமிடம்தான் தெரியவரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்திய லேப்டாப் என்றால் சாவி பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், வேறொரு போனிலிருந்து பார்க்கலாம். இன்னொன்று, மீட்புத் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறி இருக்கலாம். நீங்கள் சி என்று நினைப்பது அங்கே டி ஆக இருக்கும். டிஸ்க்பார்ட் என்ற கட்டளையில் டிரைவ்களைப் பட்டியல் போட்டு, அளவைப் பார்த்து உறுதிசெய்த பிறகே அடுத்த வரியைத் தட்டச்சிட வேண்டும்.

செக்டிஸ்க்கை எந்தக் கூடுதல் எழுத்தும் சேர்க்காமல் ஓட்டினால் படித்துப் பார்த்துச் சொல்லும், எதையும் மாற்றாது. நோய் என்ன என்று கண்டுபிடிக்க அது போதும். சாய்கோடு போட்டு 'எஃப்' சேர்த்தால் பேரேட்டைத் திருத்தும். 'ஆர்' சேர்த்தால் திருத்துவதோடு டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் படித்து, படிக்க முடியாத இடங்களை இனி பயன்படுத்தாதபடி குறித்து வைக்கும். பெரிய டிஸ்க்கில் இதற்குப் பல மணி நேரம் ஆகும்.

கிடங்கு நன்றாக இருக்கிறது, பேரேடுதான் குழம்பியிருக்கிறது என்று தெரிந்தால் செக்டிஸ்க்கைவிட நல்ல கருவி இல்லை. என்டிஎஃப்எஸ்ஸை முழுமையாகத் திருத்தத் தெரிந்தது அதுதான். ஆனால் அதன் வேலை என்ன என்று தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். பேரேட்டில் முன்னுக்குப் பின் முரண் இல்லாமல் ஆக்குவதுதான் அதன் நோக்கம், உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அல்ல. ஒரு பதிவு எந்தக் கோப்புறையைச் சேர்ந்தது என்று தெரியாவிட்டால் 'ஃபவுண்ட்' என்ற கோப்புறையில் பெயரில்லாத துண்டாகப் போட்டுவிடும். பதிவு பாதி படிக்க முடியாமல் இருந்தால் அதையே நீக்கிவிடவும் செய்யும். அதன் கணக்குப்படி அதுவும் சரிதான், பேரேடு நேராகிவிட்டதே.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு நண்பனின் லேப்டாப் இதேபோல் நின்றபோது, நான் யோசிக்காமல் 'ஆர்' சேர்த்து ஓட்டிவிட்டுத் தூங்கப் போனேன். டிஸ்க்கில் கீச்சுச் சத்தம் இருந்தது, நான் பொருட்படுத்தவில்லை. இரவு முழுக்க அந்தத் தேய்ந்த டிஸ்க்கை ஒவ்வொரு செக்டாராகப் படிக்கச் சொல்லி வதைத்திருக்கிறேன். காலையில் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் கணினியின் அமைப்புத் திரையில், டிஸ்க் பெயரே வரவில்லை. அவனுடைய அப்பாவின் கடைசிப் படங்கள் அதில்தான் இருந்தன. அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து டிஸ்க்கின் உடல்நிலை தெரியாமல் 'ஆர்' போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

இரண்டாவது வழி, லினக்ஸ் பென்டிரைவ். என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேறொரு கணினியில் 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டு, சிஸ்டம்ரெஸ்கியூ போன்ற ஒரு லினக்ஸை ஏற்றி, நோயுற்ற கணினியை அதிலிருந்து துவக்கலாம். டிஸ்க்கில் எதையும் நிறுவத் தேவையில்லை. டிஸ்க்கின் பிரிவுகளான பார்ட்டிஷன்களை மவுண்ட் செய்யாதவரை, அதாவது கோப்புகளைப் பார்க்கத் திறக்காதவரை, டிஸ்க்கில் ஒரு பைட்கூட எழுதப்படாது. நோயாளியைத் தொடாமல் நாடி பார்ப்பது என்றால் இதுதான்.

முதலில் லினக்ஸின் உட்கருவான கெர்னல் தரும் செய்திகளைப் பார்க்கலாம். டிஸ்க் பெயரோடு 'ஐ/ஓ எரர்' (படிக்கவோ எழுதவோ முடியாத பிழை) என்று வரிசையாக ஓடினால் பாதி விடை கிடைத்துவிட்டது. அடுத்து ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளை. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் 'ஸ்மார்ட்' குறிப்புகளை அது காட்டும். மேலே 'பாஸ்ட்' (தேறியது) என்று ஒரு வரி இருக்கும், அதை நம்பி ஏமாற வேண்டாம். கீழே உள்ள அட்டவணையில் கடைசிப் பத்தியில் உள்ள எண்களைத்தான் படிக்க வேண்டும். எண் 5 மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள், 197 படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை, 198 சோதனையில் தேறாதவை. 197 பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் கூரை ஒழுகுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். தகவல் போய்வரும் வழியில் நேர்ந்த பிழைகளை எண்ணும் 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்க் அல்ல, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான். கேபிளை மாற்றி, கணினி நலமாக ஓடத் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டிகளில் என்விஎம்இ என்ற வேகமான வகையில் இந்த எண்கள் இருக்காது, அங்கே 'மீடியா எரர்' எண்ணிக்கையையும் மீதமிருக்கும் உதிரி சதவீதத்தையும் பார்க்க வேண்டும்.

இந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? 2007 இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்து ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். டிஸ்க்கின் மேற்பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்டால், அடுத்த 60 நாளில் அது செயலிழக்கும் வாய்ப்பு பிழையில்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அதே ஆய்வில், செயலிழந்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேலானவை முக்கியமான நான்கு அடையாளங்களில் எதையுமே காட்டாமல் போயிருந்தன. எண் கெட்டதாக இருந்தால் நம்புங்கள், நல்லதாக இருந்தால் முழுக்க நம்பாதீர்கள். வாசிப்பு வேகம், சத்தம், கெர்னல் செய்தி எல்லாவற்றையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

டிஸ்க் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டால், மூட்டைகளை வெளியே எடுக்கும் ஆள் டிடிரெஸ்கியூ. உபுண்டுவில் நிறுவும்போது தொகுப்பின் பெயருக்கு முன்னால் ஒரு 'ஜி' உண்டு. சிஸ்டம்ரெஸ்கியூவில் ஏற்கெனவே இருக்கும். அது நல்ல பகுதிகளை முதலில் வேகமாக நகலெடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். எங்கே நின்றது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால் நடுவில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். அது பேரேட்டைப் படிக்காது, கிடங்கை அப்படியே பெயர்த்துக்கொண்டு வரும். பிட்லாக்கர் பூட்டு இருந்தாலும் பூட்டோடு நகலாகிவிடும், சாவியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. எழுத்துத் திரையில் தட்டச்சிட வேண்டும். டிடிரெஸ்கியூவில் எதிலிருந்து, எதற்கு என்ற இரண்டு டிஸ்க்கின் பெயரும் இடம் மாறினால், வெறும் டிஸ்க்கை எடுத்து உங்கள் கணக்கின் மேல் எழுதிவிடும். அதற்கு மருந்தே இல்லை. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவும் மாடல் பெயரும் பார்த்து, ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவரை வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்த பிறகே நான் என்டர் தட்டுவேன். அப்புறம், லினக்ஸில் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்து அதைச் செக்டிஸ்க்குக்கு மாற்று என்று நினைத்துவிடக் கூடாது. ஓரிரு அடிப்படைக் குறைகளைத் திருத்தி, நாட்குறிப்பைத் துடைத்து, அடுத்த முறை விண்டோஸ் சோதிக்கும்படி குறித்துவைக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் 8 முதல் உள்ள 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் கணினியில், அணைத்த பிறகும் பார்ட்டிஷன் பாதித் தூக்கத்தில் இருக்கும். அதை வலுக்கட்டாயமாக எழுதும் முறையில் மவுண்ட் செய்யாமல், படிக்க மட்டும் மவுண்ட் செய்வதே பாதுகாப்பு.

கெட்டது லினக்ஸ் கணினியே என்றாலும் இதே பென்டிரைவ் உதவும். லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4 உள்ள பார்ட்டிஷனை மவுண்ட் செய்யாத நிலையில், 'என்' என்ற எழுத்தோடு எஃப்எஸ்சிகே என்ற சோதனைக் கட்டளையை ஓட்டினால், எதையும் மாற்றாமல் என்னென்ன பிழை என்று சொல்லிவிடும். இயங்கிக்கொண்டிருக்கும் பார்ட்டிஷனில் மட்டும் திருத்தம் ஓட்டவே கூடாது.

மூன்றாவது வழி, டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டுவது. கணினி பயாஸ் வரைக்கும்கூட வரவில்லை என்றால் இதைத் தவிர வேறு வழி கிடையாது. ரேம், மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றையும் ஒரே அடியாகச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம் என்பது பெரிய லாபம். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பி கேபிளே போதும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனி அடாப்டர் வேண்டும். போர்டில் நேராகச் செருகும் சிறு பட்டையான எம்.2 எஸ்எஸ்டி என்றால், அது சாட்டாவா என்விஎம்இயா என்று பார்த்துத்தான் அதை மாட்டும் யூஎஸ்பி உறை வாங்க வேண்டும். சில புதிய லேப்டாப்களில் சேமிப்பகத்தைப் போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், அங்கே இந்தப் பேச்சே இல்லை.

இந்த வழியில் நான் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்கு. மாட்டும் கணினி விண்டோஸ் என்றால், மாட்டியதுமே அது டிஸ்க்கைத் திறக்கும், படங்களுக்குச் சிறு வடிவம் தயாரிக்கும், 'இந்த டிரைவில் சிக்கல் இருக்கிறது, ஸ்கேன் செய்து சரிசெய்யவா' என்று கேட்கும். சில நேரம் ஃபார்மட் செய்யச் சொல்லியும் கேட்கும். பழக்க தோஷத்தில் ஆமாம் என்று அழுத்துபவர்கள் ஏராளம். மலிவான யூஎஸ்பி அடாப்டர்களில் சில, ஸ்மார்ட் எண்களைக் கடத்தவும் செய்யாது. ஆகவே கழற்றினாலும், மாட்டிய கணினியையும் லினக்ஸ் பென்டிரைவிலிருந்து துவக்குவதுதான் என் வழக்கம்.

நான்காவது, வெளியே கொடுப்பது. இதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சாதாரண கம்ப்யூட்டர் கடைக்குப் பழுது என்றால் கணினி மறுபடி ஓட வேண்டும் என்பதே அர்த்தம், அதற்குச் சுருக்கு வழி ஃபார்மட். டேட்டாதான் முக்கியம் என்றால் ஃபார்மட் செய்யக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். டேட்டா மீட்பகம் என்பது வேறு. தூசியில்லாத அறையில் டிஸ்க்கைத் திறந்து, படிக்கும் தலையை மாற்றி எடுப்பார்கள். செலவு கூடுதல்தான். ஆனால் டிஸ்க் தாளம் போட்டது போல் 'டக், டக்' என்று இடைவிடாமல் அடித்தால், சுற்றவே இல்லை என்றால், கீழே விழுந்திருந்தால், வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஒவ்வொரு முறை கரண்ட் கொடுப்பதும் தட்டைச் சுரண்டுவதாக இருக்கலாம். எஸ்எஸ்டி திடீரென்று பயாஸிலிருந்தே மறைந்துபோனாலும் இதே முடிவுதான்.

எந்த வழியை எடுத்தாலும் ரேமை மறக்காதீர்கள். ரேமில் கோளாறு இருக்கும் கணினியில் செக்டிஸ்க் ஓட்டினால், நல்ல பதிவையும் கெட்டது என்று படித்து 'திருத்தி' வைத்துவிடும். டிஸ்க் எண்கள் சுத்தமாக இருந்தும் ஃபைல் சிஸ்டம் கெட்டுக்கொண்டே இருந்தால், திருத்துவதற்கு முன் ஓர் இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

ஆக, தேர்வு எதைப் பொறுத்தது? உள்ளே இருப்பது போனால் திரும்பக் கிடைக்குமா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். வேறு இடத்தில் முழு நகல் இருக்கிறது, சத்தமும் இல்லை என்றால், நேராகச் செக்டிஸ்க் 'எஃப்' போட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை. அரை மணி நேரத்தில் வேலை முடியலாம். நகல் இல்லை என்றால் லினக்ஸ் பென்டிரைவ், நோய் தெரிந்ததும் டிடிரெஸ்கியூ, நகலின் மேல்தான் செக்டிஸ்க். நகலும் இல்லை, உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது, டிஸ்க்கும் 'டக், டக்' என்று அடிக்கிறது என்றால் கையைக் கட்டிக்கொண்டு மீட்பகத்துக்கு.

மண்டி டிஸ்க்கில் சத்தம் தாளமாக இல்லை, எப்போதாவதுதான் வந்தது. பயாஸிலும் பெயர் தெரிந்தது. போன மாதம் வரைக்குமான கணக்கு ஒரு பென்டிரைவில் இருந்தது, ஆனால் அதன் பிறகு நடந்த நெல் கொள்முதல் முழுக்க டிஸ்க்கில் மட்டும்தான். மீட்பகத்துக்கு அனுப்பலாமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "சீட்டெல்லாம் கையில இருக்கு தம்பி, போனா உக்காந்து எழுதிக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தை முடிவைச் சுலபமாக்கியது. மீட்பகம் தேவையில்லை, ஒரே ஒரு முறை நகலெடுத்துப் பார்ப்போம் என்று இறங்கினேன். ஸ்மார்ட் அட்டவணையில் 197 எண் பூஜ்யத்தைத் தாண்டி இருந்தது, 199 சுத்தமாக இருந்தது. புதிதாக ஒரு 1 டிபி டிஸ்க் வாங்கி டிடிரெஸ்கியூவைத் தொடங்கினேன். 500 ஜிபி டிஸ்க், நல்ல நிலையில் இருந்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்திருக்கும். மறுநாள் காலை வரை ஓடியது. சில நூறு கேபி தவிர எல்லாம் வந்துவிட்டது.

பழைய டிஸ்க்கைக் கழற்றி, மார்க்கரில் 'எழுதாதே' என்று எழுதி மேசை இழுப்பறையில் வைத்தோம். நகல் டிஸ்க்கில் செக்டிஸ்க் 'எஃப்' ஓட்டியபோது இருபது நிமிடத்தில் முடிந்து, கணினி துவங்கியது. கணக்கு மென்பொருள் திறந்தது, கடைசி நாளின் கொள்முதல் வரைக்கும் இருந்தது. வராமல் போன அந்தச் சில நூறு கேபி எந்தக் கோப்புகளுக்குள் விழுந்தது என்று பார்க்க டிடிரெஸ்கியூவிலேயே வசதி இருக்கிறது. வரைபடக் கோப்பின் உதவியோடு நகலில் உள்ள ஓட்டைகளை மட்டும் ஓர் அடையாள வரியால் நிரப்பி, அந்த வரியை உள்ளே கொண்ட கோப்புகளைத் தேடினால் போதும். இதை இன்னொரு நகலின் மேல்தான் செய்ய வேண்டும், செய்தேன். இரண்டு விண்டோஸ் கோப்புகள் கிடைத்தன, ஒரு பழைய வீடியோ. அந்த வீடியோ பெரியப்பா பேத்தியின் காதுகுத்து. அதை மட்டும் யாராவது போனில் வைத்திருக்கிறார்களா என்று இப்போது சொந்தக்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.